வீட்டு வாசலில் போராட்டம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒருவர் வீட்டின் முன் போய் நின்று நியாயம் கேட்க நினைப்பவர்களுக்கும், தங்கள் வீட்டின் முன் கூட்டம் கூடியதால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தவிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம் பயன்படும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) நடப்பில் உள்ளன. கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் புதிய எண்கள். பழைய எண் தெரிந்தால்தான் புரியும் என்ற இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

வீட்டின் முன் போராடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

"தனியார் வீட்டின் முன் ஆர்ப்பாட்டம் செய்யத் தடை" என்று பொதுமக்கள் எல்லோருக்கும் பொருந்தும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தொழிலாளர் சட்டத்தில் மட்டும் வெளிப்படையாக ஒரு வரி உண்டு, அதைத் தனியாகப் பார்ப்போம். ஆனால் தனிச் சட்டம் இல்லை என்பதால் தடையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அத்துமீறி நுழைதல், வழிமறித்தல், சட்டவிரோதமாகக் கூடுதல், மிரட்டல், ஒலி மாசு விதி, காவல் சட்டத்தின் 30(2) அறிவிப்பு, உரிமையியல் நீதிமன்றத் தடையாணை என்று ஏழெட்டுப் பக்கத்திலிருந்து சட்டம் வரும். கலெக்டர் ஆபீஸ் முன் நடத்தினால் வழக்கே வராத அதே ஆர்ப்பாட்டத்துக்கு, ஒரு வீட்டின் முன் நடத்தினால் மூன்று பிரிவுகளில் வழக்கு வரலாம்.

போராடுவது அரசியல் சாசன உரிமை அல்லவா?

உரிமைதான். 19(1)(அ) பேச்சுரிமையும் 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் தந்திருக்கின்றன. அமைதியான ஆர்ப்பாட்டமும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடுதான் என்று உச்ச நீதிமன்றம் 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொன்னது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அடியோடு மறுக்க முடியாது என்பது 1972ஆம் ஆண்டு ஹிம்மத்லால் ஷா வழக்கின் தீர்ப்பு.

வீட்டுக்குள் இருப்பவருக்கும் உரிமை உண்டு. 21ஆவது பிரிவின்படி நிம்மதியாக வாழும் உரிமை, 2017இல் புட்டசாமி வழக்கில் அடிப்படை உரிமையாக உறுதியான அந்தரங்க உரிமை இரண்டும் அவருடையவை. டெல்லி ஜந்தர் மந்தரில் ஓயாமல் நடந்த போராட்டங்களால் அங்கே குடியிருப்பவர்கள் பட்ட பாட்டைப் பற்றிய வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் முழுத் தடையை ஏற்கவில்லை. இரு தரப்பு உரிமையையும் சமன்செய்து விதிமுறை வகுக்கச் சொன்னது. நம் ஊர் பஞ்சாயத்துகளுக்கும் இதே அளவுகோல்தான். எதிர்ப்பைச் சொல்ல இடம் வேண்டும். அந்த இடம் ஒருவர் சோறு தின்று தூங்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறோம். மேனேஜர் வீட்டின் முன் நின்று கோஷம் போடலாமா?

கூடாது. மேலே சொன்ன வெளிப்படையான தடை இங்கேதான் இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், தொழிலாளர் தரப்பின் நியாயமற்ற தொழில் நடைமுறைகள் என்ற பட்டியலில், முதலாளி அல்லது நிர்வாக ஊழியர்களின் வீடுகளில் ஆர்ப்பாட்டம் நடத்துவது 1984 முதல் இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 அதே வரியைத் தன் இரண்டாம் அட்டவணைக்கு எடுத்துக்கொண்டது. பழைய சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். புதிய சட்டத்தில் அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 2 லட்சம் வரை போகும்.

தண்டனையைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. சம்பள உயர்வுக்கோ வேலைநீக்கத்துக்கோ நீங்கள் நடத்தும் வழக்கில், "இவர்கள் அதிகாரி வீட்டுக்குப் போய் அவர் மனைவி மக்களைப் பயமுறுத்தினார்கள்" என்று நிர்வாகம் ஒரு வீடியோவைக் காட்டினால் போதும், பேச்சு உங்கள் கோரிக்கையை விட்டு உங்கள் நடத்தைக்குத் திரும்பிவிடும். வீட்டுக்குப் போனவர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கையும் தனியாக வரும்.

தொழிற்சாலை வாயிலில் அமைதியாக நிற்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியிருந்தால் மட்டும் அதில் எழுதியிருக்கும் தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, தூரத்தை டேப் வைத்து அளந்து, தரையில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. வேலைநிறுத்தமாக மாற்றுவதானால் புதிய சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

குடிதண்ணீர் வரவில்லை. ஊராட்சித் தலைவர் வீட்டின் முன் காலிக் குடங்களோடு உட்கார்ந்தால்?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்த பகுதி இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஏறவில்லை என்றால் பெண்கள் தெருவுக்கு வரத்தான் செய்வார்கள்.

ஆனால் தலைவர் வீட்டில் தண்ணீர் வால்வும் இல்லை, கையெழுத்துப் போட்ட கோப்பும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குக் குடங்களோடு போங்கள். மோட்டார் பழுதா, மின்சாரமா, பிரதான குழாயில் உடைப்பா என்று பதில் சொல்லும் பொறுப்பு பி.டி.ஓ.வுக்கு உண்டு. மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைப் பதிவுசெய்து எண் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானமாகவே எழுதவைக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் குழாயில் காற்றுதான் வருகிறது என்றால், பி.டி.ஓ. அலுவலகம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் கையில் ஆவணம் இருக்கும். அதை மறுப்பது காவல்துறைக்கும் கடினம்.

எம்.எல்.ஏ., எம்.பி. வீடு முற்றுகைக்கும் இதுவே பதில். அவர்களுக்குத் தொகுதி அலுவலகம் உண்டு. வீட்டோடு சேர்ந்த அலுவலகம் என்றால் மக்களைச் சந்திக்கும் நேரத்தில் ஐந்தாறு பேர் போய் மனு கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. "முற்றுகை" என்று நோட்டீஸ் அடித்த நிமிடத்திலேயே முதல்நாள் இரவு வீடுவீடாகக் கைது தொடங்கிவிடும். அந்தச் சொல்லைத் தவிர்ப்பதே பாதி வழக்கைத் தவிர்க்கும்.

அனுமதி எங்கே, எப்படிக் கேட்பது?

சென்னை, கோவை போன்ற கமிஷனர் நகரங்களில் மாநகரக் காவல் சட்டம் பிரிவு 41 பொருந்தும், ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களும் எஸ்.பி.யின் கீழ் இருப்பதால் இங்கே 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் பிரிவு 30(2)இன்படி வரும் அறிவிப்புதான் வழக்கம். அந்த அறிவிப்பு நடப்பில் இருந்தால் கூட்டம் கூட்டுபவர் உரிமம் கேட்க வேண்டும். சட்டம் நாள் கணக்கு சொல்லாவிட்டாலும் ஏழு நாள் முன்னதாகக் கொடுங்கள், மறுத்தால் நீதிமன்றம் போக நேரம் இருக்கும்.

காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒன்று, உட்கோட்ட டி.எஸ்.பி.க்கு ஒன்று என விண்ணப்பம் இரண்டு பிரதி. அதில் கோரிக்கை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், சரியான இடம், எத்தனை பேர், எத்தனை ஒலிபெருக்கி, பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். "காலை முதல்" என்று மொட்டையாக எழுதினால் திருப்பிவிடுவார்கள், "காலை 10.30 முதல் 12.30 வரை" என்று எழுதுங்கள். இடத்துக்கு "அவர் வீட்டருகே" என்று எழுதுவதுதான் மறுப்புக்கு முதல் காரணம். பேருந்து நிலையம், தாலுகா அலுவலகம், அண்ணா சிலை என்று பொது இடத்தை எழுதி, மாற்று இடம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். நகலில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து ரிட் மனு நடத்துவது சிரமம். நம் இரு மாவட்டங்களுக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில்தான், மதுரைக் கிளை அல்ல. 30(2) அறிவிப்பு கூட்டங்களை ஒழுங்குபடுத்தத்தான், ஜனநாயக எதிர்ப்பை மொத்தமாக நசுக்க அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

தெரு பொது இடம்தானே? எதுவரை போகலாம்?

தெரு பொது, திண்ணை பொது அல்ல. மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி அடுத்தவர் இடத்துக்குள் போனால் பி.என்.எஸ். 329(3)இன்படி மூன்று மாதம் வரை சிறை. குடியிருக்கும் கட்டிடத்துக்குள் என்றால் 329(4), ஓராண்டு வரை. உடம்பின் ஒரு பகுதி உள்ளே போனாலே நுழைந்ததாகக் கணக்கு. கேட்டைத் தாண்டிக் கையை விட்டுத் தாழ்ப்பாளை ஆட்டியவரும் "நான் வெளியேதான் நின்றேன்" என்று சொல்லித் தப்புவது கடினம்.

வீட்டுக்காரர் வெளியே போக முடியாதபடி வாசலை மறித்து உட்கார்ந்தால் 126, ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். எந்தப் பக்கமும் போகவிடாமல் உள்ளேயே அடைத்துவைத்தால் 127, ஓராண்டு வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அவர்களின் பொது நோக்கம் சட்டம் சொல்லும் வகைக்குள் வந்தால் 189, ஆறு மாதம் வரை. நாலு பேர் நின்றால் 189 வராது, ஆனால் மற்றதெல்லாம் வரும்.

நடைமுறையில் அதிகம் தவறுவது கேட் விஷயத்தில்தான். பள்ளிப் பிள்ளை, மருந்து வாங்கப் போகும் பெரியவர், பால்காரர் என்று யார் வந்தாலும் வழி விட வேண்டும். வழி விட்டதை நீங்களே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு உதவும். சுவரில் போஸ்டர் ஒட்டுவது, வாசலில் கொடும்பாவி எரிப்பது, குப்பையையோ சாணியையோ கொட்டுவது எல்லாம் தனித்தனி வழக்கு.

மைக் செட், பறை?

ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கியே கூடாது, பறை உள்ளிட்ட கருவிகளும் அப்படித்தான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

சீட்டுப் பணத்தை ஏமாற்றிவிட்டார். வீட்டைச் சுற்றி வளைத்தால்தான் பணம் வரும் என்கிறார்களே?

வராது. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் ஏமாந்தவர்களே குற்றவாளியாவது இங்கேதான். கூட்டம் கூடியதும் அவர் முதலில் செய்வது காவல் நிலையத்தில் "உயிருக்கு ஆபத்து" என்று புகார் கொடுப்பது. அடுத்தது தலைமறைவு. சொத்தை உறவினர் பேருக்கு மாற்ற உங்கள் முற்றுகையே அவருக்கு முன்னறிவிப்பு ஆகிவிடும். கூட்டத்தின் ஏச்சைத் தாங்காமல் அந்த வீட்டில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் பி.என்.எஸ். 108, தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு, பத்தாண்டு வரை சிறை. கிடைக்க வேண்டிய ஐம்பதாயிரத்துக்காக இவ்வளவையும் தலையில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சீட்டு அட்டை, நோட்டில் வாங்கிய கையெழுத்து, ஜிபே விவரம், வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டினார் என்று ஒரே அட்டவணையாக எழுதி, எல்லோரும் சேர்ந்து மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். பலரிடம் முதலீடு திரட்டிய நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. 1997ஆம் ஆண்டின் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கி விற்றுப் பங்கிட வழி இருக்கிறது. பதிவு செய்யாமல் ஏலச்சீட்டு நடத்துவதே 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம்.

குழுக்கடன் வசூலிப்பவர் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறார். இது சரியா?

சரியல்ல. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் இருக்கின்றன. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. வசூல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். அப்படி வந்தாலும் திட்டுவது, அக்கம்பக்கத்தைக் கூட்டி அவமானப்படுத்துவது, உறவினர்களைத் தொல்லை செய்வது எதுவும் கூடாது. குழுவில் இருக்கும் மற்ற பெண்களை அழைத்துவந்து வாசலில் உட்காரவைப்பதும் இதே தொல்லைதான். அவர்களுக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்றால் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. வந்தவரின் அடையாள அட்டையைப் படம் எடுங்கள், பேசுவதைப் பதிவு செய்யுங்கள், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம்.

கணவர் வீட்டார் உள்ளே விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து தர்ணா செய்யலாமா?

தனி ஒருத்தியாக உட்காருவது சட்டவிரோதக் கூட்டம் ஆகாது. மனைவி என்றால் இன்னும் வலுவான வழி கையில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிரிவு 17, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, வீடு யார் பேரில் இருந்தாலும் சரி. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். மாஜிஸ்திரேட் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், பிரிவு 23இல் உடனடி இடைக்கால ஆணையும் தரலாம். இரவு பகலாக வெயில் மழையில் வாசலில் கிடப்பதைவிட அந்தத் தாள் கதவைத் திறக்கும்.

கல்யாணம் செய்துகொள்வதாக ஏமாற்றியவர் வீடு என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம் போங்கள், பி.என்.எஸ். 69 இதற்காகவே உள்ளது, பத்தாண்டு வரை சிறை. வாசலில் உட்கார்ந்தால் டிவி கேமரா வந்து உங்கள் முகத்தை ஊருக்கே காட்டிவிடும், புகார் கொடுத்தால் பெயர் வெளிவராது. உடனடி உதவிக்கு 181.

சாதி மறுத்துக் கல்யாணம் செய்தவர்கள் வீட்டின் முன் ஊர் கூடினால்?

இதைப் போராட்டம் என்று அழைக்கவே கூடாது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி அருகே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் ஒரு கல்யாணத்தைக் காரணமாக்கித் திரண்ட கூட்டம் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடி எரித்தது. அந்த வடு இந்த மாவட்டத்தில் இன்னும் ஆறவில்லை.

வயது வந்த இருவரின் கல்யாணத்தைத் தடுக்கக் கூட்டம் கூட்டுவதே சட்டவிரோதம் என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வைக்கச் சொன்னது. பட்டியலினத்தவரை வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி நெருக்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(z). கூட்டம் கூடும் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே 112க்கு அழைத்து, எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூடிய பிறகு அழைத்தால் தாமதம்.

இப்போது என் வீட்டின் முன் கூட்டம் நிற்கிறது. என்ன செய்வது?

வெளியே போய்ப் பேசாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கல் போனால் எதிர்வழக்கு உறுதி. 112க்கு அழைத்து எத்தனை பேர், கையில் என்ன, கேட் மறிக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே குழந்தையோ நோயாளியோ உண்டா என்று சொல்லுங்கள். மாடியிலிருந்து வீடியோ எடுங்கள். கேட், முகங்கள், தெரு மூன்றும் ஒரே காட்சியில் வந்தால்தான் எவ்வளவு அருகில் நின்றார்கள் என்பது தெரியும். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், அன்றே பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.

அமைதியாக எதிர்ச் சாரியில் நின்று அட்டை பிடித்திருப்பவர்களைக் கைது செய்யச் சொல்லிக் கேட்பது சரியல்ல, அது அவர்கள் உரிமை. கேட்டை மறித்தாலோ மிரட்டினாலோ தினமும் வந்தாலோதான் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். புகாரைக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மீண்டும் வருவார்கள் என்றால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடையாணைக்கு வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை கேளுங்கள். மனுவில் "போராடவே கூடாது" என்று கேட்டால் கிடைப்பது கடினம். "வீட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது" என்று கேளுங்கள். நிலைமை கைமீறினால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) பி.என்.எஸ்.எஸ். 163இன்படி, அதாவது பழைய 144, தடை போடலாம். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அது செல்லாது.

போராடும் தரப்புக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்தரப்பு தடையாணைக்குப் போகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கேவியட் மனு போடுங்கள். 90 நாளைக்கு உங்களைக் கேட்காமல் இடைக்கால ஆணை வராது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டு ஊர், குறிப்பிட்ட ஒரு வீட்டைக் குறிவைத்து நிற்பதைத் தடைசெய்தது. 1988இல் ஃப்ரிஸ்பி வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் குடியிருப்புத் தெருக்கள் வழியே ஊர்வலம் போகும் உரிமையைத் தொடவில்லை. பிரிட்டனில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, வீட்டருகே தொல்லை தருபவரை விலகிப் போகும்படி ஆணையிடக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. 2005இல் அத்தகைய தொல்லையே தனிக் குற்றமானது.

கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வழக்கு இருக்கிறதா, இல்லையா?

மாலையில் விட்டுவிட்டதால் வழக்கு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 170இன்படி முன்னெச்சரிக்கைக் கைது என்றால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, வழக்கும் இல்லாமல் போகலாம். ஆனால் பெயரும் ஆதார் எண்ணும் எழுதி வாங்கியிருந்தால் 189, 223 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். ஓடிக்கொண்டிருக்கலாம். கிளம்பும் முன் "எந்தப் பிரிவு, குற்ற எண் என்ன" என்று கேளுங்கள். அடுத்த நாள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பக்கத்தில் நிலையத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கு, பழைய 188, இப்போது 223, காவல்துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. உரிய அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் ஜீவானந்தம் தீர்ப்புதான். போலீஸ் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ தயாராகும் பிள்ளைகள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதே வேலையைப் பறித்துவிடும். உள்ளதை எழுதி, ரத்து மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசம்.